கொம்பில்லாத வண்டு

என் அன்புக்குரிய உங்களுக்கு,

நலமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஒரு சின்ன விஷயம், சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். யாரும் பெயர் வைக்காத வண்டைக் கண்டுபிடித்துவிட்டேன், அத்தை பெயரை வைக்கப்போகிறேன் என்று போனில் பீற்றிக்கொண்டேனே, அது புது இனமே இல்லை. நேற்று எங்கள் குழுவில் ஒருவர் அதே வண்டை, ஒரு கொம்பு வண்டோடு ஜோடி சேர்ந்தபடியே வலையில் பிடித்து வந்தார். கொம்பு இருப்பது ஆண், இல்லாதது பெண். அவ்வளவுதான். பெண்ணைப் போய்த் தனி இனமாக்கியிருக்கிறேன். இந்தப் பூச்சி ஆராய்ச்சி வேலையில் ஆண், பெண் பிரித்தறிவதுதான் முதல் பாடமே.

"இதுக்கு எப்பவோ பேர் வெச்சாச்சும்மா. முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும்," என்றார் குழுவை நடத்தும் எங்கள் மேடம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீ வாங்கிக் கொடுத்தார்.

என்னை அனுப்பவே மனசில்லாமல் இருந்த அத்தை, பெயர் விஷயம் கேட்ட பிறகுதான் தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். இனி எந்த முகத்தோடு பேசுவேன்? நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நீங்கள் போர்த்தும் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மேடம் கூப்பிடுகிறார். இரண்டு வண்டுகளையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டுமாம். வேறு வேறு அலமாரியில் பிரித்து வைத்தவள் நான்தானே.

உங்கள் கெட்டிக்காரி