கற்பகம் சொன்ன வாடை

தை மாதம், செவ்வாய் இரவு, ஏற்காடு.

தலைச்சோலை காப்பிக் கம்பெனியில் தரப்பிரிவுத் தலைவர் ஜெரோமைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரை எழுத என்னை அழைத்திருந்தார்கள். ஒரு வாய் உறிஞ்சியதும் எந்தச் சரிவில் விளைந்த காப்பி என்று சொல்லிவிடுகிறார். திறமை உண்மைதான்.

இன்று ருசி பார்க்கும் மேசையில் எல்லோரும் உறிஞ்சித் துப்பிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். புதிய மேலாளர் கற்பகம் மட்டும், "பூஞ்சை வாடை அடிக்குதுங்க" என்றார்.

"ஏனுங்க, ஊட்டுல பல்லு வெளக்கலீங்களா?" என்றார் ஜெரோம். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கிடங்கில் அந்தக் காப்பி மூட்டைகளைத் தனியே ஒதுக்கச் சொன்னதும் ஜெரோமே. என் காதால் கேட்டேன். நிர்வாக இயக்குநர் மேரியிடம் சொன்னேன்.

"தெரியுங்க. கற்பகத்த வேலைய விட்டு நிறுத்தச் சொல்றாரு, இல்லீன்னா அவரு போயிடுவாராம். ஜெரோம் போயிட்டா நம்ம காப்பிய யாரு வாங்குவா? நல்லபடியா எழுதுங்க."

என்னை எதற்கு அழைத்தார்கள் என்றே சந்தேகமாக இருக்கிறது. என் கட்டுரை வந்த பிறகு கற்பகம் வாய் திறந்தால் யார் நம்புவார்கள்?