அம்மாவும் வகுப்பில்

நெடுந்தீவு

அன்புள்ள உங்களுக்கு,

மகள் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். ஓட்டிசம் உள்ள பிள்ளையைத் தனியே விட ஏலாது என்று அதிபர் சொன்னதால், இரண்டாம் வகுப்பில் நானும் அவளோடு இருக்கிறேன்.

மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். புது ரீச்சர் வகுப்புக்குப் பக்கத்தில் மணியடிப்பதை நிறுத்த வைத்தார். ஒருநாள், "அக்கா, நீங்கள் வெளியில போயிட்டு வாங்கோ, நான் பாக்கிறன்" என்றார். கடற்கரை வரை தனியே நடந்தேன். திரும்பி வந்தபோது மகள் மற்றப் பிள்ளைகளோடு படம் கீறிக்கொண்டிருந்தாள். என்னைத் தேடவே இல்லை. அடுத்த நாளே தையற்கடையில் வேலை கேட்டேன். வரச் சொன்னார்கள்.

போன கிழமை ரீச்சருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. வகுப்புக்குப் பக்கத்தில் பழையபடி மணியடிக்கிறார்கள். "இனி நீங்கள்தான் வந்து இருக்கவேணும். இல்லாட்டிப் பிள்ளையை வீட்டில வைச்சிருங்கோ" என்றார் அதிபர்.

ஓம் என்றேன். தையற்கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கட்டாரில் வேலைக்கு நடுவில் இதையெல்லாம் யோசிக்க வேண்டாம். காலையில் வரவுக்குப் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் என் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிக்க, நானும் எழும்பி, "வந்திருக்கிறன்" என்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா