சங்கு ஊதினால் மேலே வா

ராகுலன் அப்பாவுக்கு,

பங்காருபேட்டை ரயிலில் வரும்போது, உங்கள் கப்பல் நின்ற டான்யூப் கழிமுகத்துக்கு எப்படிப் போவது என்று போனில் ஒரு பயணப் பக்கத்தில் படித்தேன். நாணல் காடு, படகுச் சவாரி எல்லாம் போட்டிருக்கிறது. பேத்தமங்களா ஏரியில் பார்த்தோமே கூழைக்கடாப் பறவை, அது அங்கேயும் உண்டாம். போர் நடப்பதால் இப்போது யாரும் வர வேண்டாமாம்.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். குண்டு விழுந்ததிலிருந்து உங்களை ஆற்றில் தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். சரி என்றேன். பிறகு ரேஷன் அரிசி வாங்கி வந்தேன்.

மாமா பிள்ளையோடு கடைசியாகப் பேசிய போனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறார். "கப்பல்ல கீழதாம்பா வேலை" என்று நீங்கள் சொல்லும்போது சைரன் கேட்டதே. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஷிப்ட் முடிந்த சங்கு என்று நினைத்துக்கொண்டு, "சங்கு ஊதிட்டாங்கடா, மேல வா" என்று கத்தினார். நீங்களும் சிரித்துக்கொண்டே "தோ வரேம்பா" என்றீர்கள்.

"வரேன்னுதானே சொன்னான், இன்னா இன்னும் காணோம்?" என்று தினமும் கேட்கிறார்.

சைரன் ஒலித்தால் உடனே கீழே இறங்கிப் பதுங்க வேண்டும் என்று அந்தப் பயணப் பக்கத்தின் கடைசியில் இருக்கிறது. மாமா படித்துக் காட்டச் சொன்னார். கூழைக்கடாவோடு நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ஊரிகத்திலிருந்து