இடது கை நகம்

ஹெப்பாள், மைசூர்
18-11-1996

அன்பு மகன் பழனிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் கடை அடுப்பும் இங்கே நல்லபடியாக எரிந்துகொண்டிருக்கிறோம். மாதேஸ்வரன் சாமி புண்ணியத்தில் நீயும் பூனாவில் சுகமாக இருப்பாய். உன் நகங்கள் உன்னைவிடச் சுகமாக இருப்பதை நீ அனுப்பிய போட்டோவில் பார்த்துக்கொண்டோம்.

பெண் வீட்டுக்குக் காட்ட ஒரு போட்டோ அனுப்புடா என்று எழுதினால் ஸ்டூடியோவுக்குப் போய்த் தலை வாரி உட்கார்ந்து எடுப்பாய் என்று நினைத்தேன், நீ என்னடாவென்றால் கட்டில்மேல் உட்கார்ந்து மடியில் கிட்டாரைப் போட்டு, கம்பிமேல் வலது கையை விரித்து, ஐந்து விரலிலும் பிசாசுக்கு வளர்ந்த மாதிரி நகம். கவரைப் பிரித்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசச் சோற்றை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சீ. கிட்டார் கற்கிறவன் முதலில் நகம் வளர்க்க வேண்டும், அதுதான் முதல் பாடம் என்று உன் ரூமில் இருக்கிறவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவன் எந்தக் கையால் சோறு தின்கிறான் என்று கேட்டாயா? நம் கடைக்குக் கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார், சுண்டு விரலில் மட்டும் நகம் வைத்திருக்கிறார். அதைக் காதுக்குள் விட்டுக் குடைவார், வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பெஞ்சில் துடைப்பார், அதே கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு இன்னும் ஸ்வல்ப சாரு ஹாக்கி என்று ரசம் கேட்பார். நான் எட்ட நின்று ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு நகத்துக்கே எனக்கு இந்தப் பாடு, நீ ஐந்து வைத்திருக்கிறாய். உங்கம்மா போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில பருப்புச் சோறு பெசஞ்சான்னா ஒரு வாய் வயித்துக்கு, ஒரு வாய் நகத்துக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சாப்பிடவில்லை.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணின் அப்பா கந்தசாமி கௌதள்ளியிலிருந்து போட்டோ வாங்கிப்போகவே வந்திருந்தார். போன தடவை வந்தபோது அவரிடம் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா, என் மகன் கிட்டாரில் முழுப் பாட்டு வாசிப்பான், விடிய விடியக் கேட்கலாம் என்று. எல்லாம் நீ கடிதத்தில் அளந்ததுதான், நான் அதற்குமேல் கொஞ்சம் நெய் விட்டேன். மனிதர் போட்டோவைக் கையில் வாங்கினார், தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், "ஏனுங் மச்சான், பையன் சோறு எந்தக் கையில உண்பாருங்?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பக்கத்து மேசையில் ரத்தினவேல் தோசை தின்றுகொண்டிருந்தான். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறவன், அக்ரஹாரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறான். இவன் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் கரை சேர்ந்துவிடலாம் என்று நானே கூப்பிட்டேன். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அவன் கை கழுவி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான், "வலது கை நகம் கிடக்கட்டும்ணா, வாசிக்க வந்த அப்புறம் வேணும்னா வெச்சுக்கலாம், இல்லன்னா கம்பிய மீட்ட ஒரு பிளாஸ்டிக் வில்லை போதும். இடது கையப் பாருங்க, அதுலயும் நகம். இத வெச்சுக்கிட்டு கம்பிய அமுக்கவே முடியாதுண்ணா. தம்பி கிட்டார் வாசிக்கல, மடியில போட்டுத் தூங்க வெச்சிருக்காரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வராது. கந்தசாமி சிரிக்கவில்லை. புள்ளகிட்டக் கேட்டுச் சொல்றேனுங் என்று போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வைத்த காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் போனபிறகு ரத்தினவேலைப் பிடித்து உட்கார வைத்து, புதிதாகக் கற்கிறவன் எதை முதலில் கற்க வேண்டும், சரியாகச் சொல்லு என்றேன். நீயும் சரியாகக் கேட்டுக்கொள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுவதுதான் முதல் வேலையாம். அடுத்தது கம்பிகளை முறுக்கிச் சுதி சேர்ப்பது, அதுவும் அடுத்தவனிடம் நீட்டாமல் உன் காதால் கேட்டு நீயே சேர்க்க வேண்டுமாம். அப்புறம் ரெண்டே ரெண்டு கார்டு. இரண்டு மூன்று விரலால் சேர்த்து அமுக்குவதற்குத்தான் அப்படிப் பேராம், உனக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக, தாளம் நிற்காமல் மாறவேண்டுமாம். பாட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். விரல் நுனி எரியும், கொப்புளிக்கும், தோல் உரியும், விடாமல் வாசித்தால் காய்த்துப் போகும் என்று தன் விரலை நீட்டினான். தொட்டுப் பார்த்தேன், புளியங்கொட்டை மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் உங்கம்மா என்னைச் சர்க்கரை பார்த்துவரத் துரத்தினாள். ரத்தம் எடுக்கிற லேபில் யார் இருக்கிறது என்று நினைக்கிறாய், கந்தசாமி மகள் பூங்குழலியேதான். இங்கே அத்தை வீட்டில் தங்கி அங்கேதான் வேலை செய்கிறாள். வாங்க மாமா என்று சிரித்தாள், போட்டோ பார்த்த சிரிப்பு. என் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினாள், ரத்தம் வரவில்லை. வேறு விரலில் குத்தினாள், வரவில்லை. "ஏனுங் மாமா, இது விரலா தோசைக்கல்லுங்களா?" என்றாள். அடுப்பில் வெந்த கை தாயி என்றேன், முழங்கை மடிப்பில் குத்தித்தான் ரத்தம் எடுத்தாள். உடனே, "வாசிக்கறவங்களுக்கும் இப்படித்தான் காய்ச்சுக் கெடக்குமுங், லேபுக்கு வர்றவங்ககிட்டப் பாத்திருக்கறேன். உங்க பையனுக்குக் கெடக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். பேச்சை மாற்றலாம் என்று, அந்த நகத்தைப் பார்த்து உனக்கு அருவருப்பாக இல்லையா தாயி என்றேன். நகத்துக்கு அடியில் என்னென்ன இருக்கும் என்று லேபில் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறார்களாம், அதில் ரெண்டைச் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன், பேப்பர் நாறும்.

கிளம்பும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா வேண்டாங்கறாரு. நாந்தான் சங்கராந்தி வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்கறேன். பாட்டெல்லாம் வாசிச்சுக் காட்ட வேண்டாமுங் மாமா. வந்து இடது கை விரல் நுனியக் காட்டட்டும், நெசமா வாசிக்கறாரா, போட்டோவுக்குப் புடிச்சாரான்னு நான் பாத்துக்கறேன்." நாளெல்லாம் ஊரார் விரலைக் குத்துகிறவளிடம் நீ பவுடர் பூசிக்கொண்டு போக முடியாது, தெரிந்துகொள். அப்போ வலது கை தாயி என்று கேட்டேன். "அத நானே வெட்டி உட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் ரத்தத்துச் சீசாவில் பேர் எழுதக் குனிந்துகொண்டாள், நிமிரவே இல்லை. மறுநாள் ரிசல்ட் வந்தது, எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், இனிமேல் டீயில் சர்க்கரை கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள். மருமகளாக வரவே இல்லை, அதற்குள் என் டம்ளரில் கை வைத்துவிட்டாள். எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகையால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இடது கை நகத்தை வெட்டு. விரல் எரிந்தால் எரியட்டும், கம்பியை விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ரூமில் இருக்கிறவன் பேச்சைக் கேட்காதே. மாதேஸ்வரன் உன்னைக் காப்பாற்றட்டும், உங்கம்மா உனக்குத் திருஷ்டி கழித்துப் போட்டாள். வலது கையை நீ தொட வேண்டாம், அது இனி அவள் பாடு. ஆனால் அவள் வெட்டுகிறவரைக்கும் என் கடையில் உனக்கு ஸ்பூன்தான், அதையும் நீயேதான் கழுவ வேண்டும்.

உன் நகம் பார்த்து ரசச் சோற்றை இழந்த அப்பா
அய்யாவு