தட்டை வயர்

துலாம் 10, வெள்ளி

ஐப்பசி மழைக்கு மூன்று மணிக்கே இருட்டு. இடி. மழை நின்ற பிறகும் ஓட்டுச் சரிவில் சொட்டு நிற்கவில்லை. கொடியில் போட்டது ஒன்றும் காயவில்லை.

சாயங்காலம் டி.வி. முன்னால் இருந்தவர்கள்: நான். இவர். அமெரிக்காவிலிருந்து போன ஞாயிறன்று வந்த என் தம்பி ரமணி. பக்கத்தாத்து லலிதா மாமி. நாலே பேர். மாமி வந்தது உறைமோருக்கு. வாங்கிக்கொண்டும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் டி.வி.யைப் போட்டேன். இவருக்கு மெட்ராஸிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு மாற்றல் ஆனபோது கூடவே வந்த பெட்டி. இங்கே எந்த ஸ்டேஷனும் எட்டாது. ஈரம் பிடித்துக் கெட்டுப்போகாமல் இருக்க வாரம் ஒரு தடவை, விளக்கேற்றிய பிறகு, கொஞ்ச நேரம். திரையில் வெள்ளை மணல் கொட்டிக்கொண்டே இருக்கும். சத்தம், புழை நிறைந்து கரை தொட்டு ஓடுகிற சத்தம். எனக்கு அது விபூதி அபிஷேகம். பார்த்துக்கொண்டே நாமம் சொல்வேன். இத்தனை கொட்டுகிறதே, உள்ளே யாரோ இருக்க வேண்டும் என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

நான் மணலைப் பார்த்து நாமம் சொல்வதைக் கண்டு ரமணி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தான். டைப்ரைட்டரின் சாவி வரிசையை மட்டும் கழற்றித் தகரப் பெட்டியில் பதித்த மாதிரி. கம்ப்யூட்டராம். அவனே உட்கார்ந்து பற்றவைத்துச் செய்தது.

"இதுக்கு முகம் கிடையாது அக்கா. டி.வி.தான் முகம். இங்க அடிச்சா அங்க எழுத்தா வரும்."

ல. மாமி: "எங்க, வரட்டும், பாக்கலாம்."

வரவில்லை. இதையும் டி.வி.யையும் சேர்க்கிற வயரை அமெரிக்காவிலேயே மேஜைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கறண்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர், அம்மிக்கல் கனம், அதை மறக்கவில்லை. இரண்டு முழம் வயரை மறந்தான்.

இவர் நாற்காலியிலிருந்து என்னிடம்: "உன் தம்பிகிட்ட சொல்லு. பின்னால தொடறதுக்கு முன்னாடி ஸ்விட்சை அணைக்கணும். ஷாக் அடிக்கும்."

ரமணி, கைக்கெட்டும் தூரத்தில்: "சரி அத்திம்பேர்."

இவர் என்னிடம்: "என்ன சொல்றான்?"

"சரிங்கறான்."

ல. மாமி: "நடுவுல விசாலம் இல்லேன்னா இந்த ஆத்துல ரெண்டு ஊமையாக்கும்."

எல்லோரும் சிரித்தோம். இவரைத் தவிர.

அப்பா போனபோது இவர்தான் தந்தி ஆபீஸுக்கு ஓடினார். இரண்டு தந்தி. அவன் பதில், காரியமெல்லாம் முடிந்த பிறகு. விசா, வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று என்னவோ எழுதியிருந்தான். இவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவனை அமெரிக்கா அனுப்பிய அப்ளிகேஷன் அத்தனையும் இவர் வீட்டு டைப் மெஷினில் அடித்தது. அந்தக் கடிதத்துக்கு அப்புறம் ஆறு வருஷம் அவனிடம் ஒரு வார்த்தை கிடையாது, மெஷினையும் திறக்கவில்லை. அப்பா திவசத்தை, பெரியப்பா பிள்ளை கையில் தர்ப்பையைக் கொடுத்து இவரே நடத்தி வருகிறார்.

இந்த வருஷம் திதி, ரமணி திரும்பிப் போக டிக்கெட் போட்டிருக்கும் நாளுக்கு அடுத்த வாரம். ஒரு வாரம்தான் வித்தியாசம். பிள்ளை கையால் நடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அவனிடம் கேட்டேன். "அத்திம்பேர் கூப்பிட்டா இருப்பேன்."

இவரிடம் கேட்டேன். "கூப்பிட்டு வர்றதுக்கு இது என்ன கல்யாணமா?"

துலாம் 11, சனி

காலையில் வெயில். தலையணை, பாய் எல்லாம் வெளியே.

ரமணி டவுனுக்குப் போய் வயர் வாங்கி வந்தான். விளக்குக்குப் போடுகிற முறுக்கு வயர், சிவப்பும் கறுப்பும். டி.வி. வயர் வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னாராம்: "டி.வி. உண்டெங்கில் அல்லே சார், வயர் வேண்டியது?" இந்த ஊரில் டி.வி. இருந்தால்தானே.

மாட்டினான். மணல் கொட்டுவது கொஞ்சம் மெலிந்தது. அதற்குப் பின்னால் நிழல் மாதிரி என்னவோ. எழுத்து என்கிறான். எனக்கு மழையில் குடை பிடித்துப் போகிறவர்கள் மாதிரி இருந்தது.

அடுக்களை வாசலில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான். நான் கீரை ஆய்ந்தேன்.

"இங்கேந்து கிளம்பற எடம் முந்நூறு. டி.வி. பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ இருக்கே, அதுவும் முந்நூறு. நடுவுல போற வயரும் முந்நூறா இருக்கணும்."

"முந்நூறு என்ன? அடியா, படியா?"

"அளவுதான். ஓம்னு பேரு."

ஓம் என்றதும் கீரையைக் கீழே வைத்தேன்.

"அளவு பொருந்தலேன்னா, போனது அங்க முழுசா உள்ள போகாது அக்கா. பாதி மோதித் திரும்பி வந்துடும். அதான் நிழல்."

புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் இவர் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது.

கணக்கு: பூ, தேங்காய், வயர். வயரை எந்தத் தலைப்பில் எழுதுவது? வீட்டுச் செலவு இல்லை. பூஜைச் செலவும் இல்லை. கடைசியில் "ரமணி" என்று தனித் தலைப்பு போட்டேன். அந்தப் பெயரை எழுதி எத்தனை நாளாயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துலாம் 12, ஞாயிறு

மேகமூட்டம். தேருக்குப் பந்தல்கால் இறக்கியிருக்கிறார்கள். தெருவில் மூங்கில் வாசனை.

இன்று வேறு வயர். உருண்டையானது, சாம்பல் நிறம், உள்ளே கம்பிவலை போர்த்தது. கோயில் மைக்குக்குப் போடுகிறதாம். மைக்செட்காரரிடம் கெஞ்சி ஒரு துண்டு வாங்கி வந்தான்.

மணல் நின்றது! திரை கறுத்து, வெள்ளை எழுத்து வந்தது. ஆனால் நிற்கவில்லை. மேலே மேலே ஏறிக்கொண்டே போயிற்று. கீழே புதிதாக முளைத்து, மேலே போய் மறைந்து, திரும்பவும் கீழே. ரமணி முன்பக்கத்துக் குமிழ்கள் எல்லாவற்றையும் திருகிப் பார்த்தான். எனக்கு அது நிற்காவிட்டாலும் சரிதான். ஊதுவத்திப் புகையைப் பார்க்கிற மாதிரி, கண் கூடவே போயிற்று.

இவர் எழுந்தார். பார்க்காமலே டி.வி. பின்னால் கையை விட்டார். எதையோ இத்துனூண்டு திருப்பினார். எழுத்து நின்றது. போய் உட்கார்ந்தார். மெட்ராஸில் தினம் ராத்திரி செய்த வேலை, கைக்கு ஓர்மை இருக்கிறது, மறக்கவில்லை.

"தேங்க்ஸ் அத்திம்பேர்."

இவர் பேப்பருக்குள்ளிருந்து: "மேலத்தெருவுல யாரோ தேங்க்ஸ் சொல்றா, கேட்டியோ?"

நின்ற எழுத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி ஆடிற்று. ரமணி தலையை ஆட்டினான். இது முந்நூறு ஓம் இல்லையாம், நூறுகூட வராதாம். தப்பு வயர். சரியான வயர் இந்த ஊரிலேயே இல்லை, கோயம்புத்தூரிலும் சந்தேகம் என்றான். வியாழன் அவனுக்கு ரயில். மெட்ராஸுக்கு எழுதி வரவழைக்க நேரம் இல்லை.

மத்தியானம் கண் அசந்தேன். கனவில் அப்பா. தெருக்கோடியில் நின்று என்னவோ சொல்கிறார். இரண்டு அப்பா, ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர். சொன்னது கேட்கவில்லை.

துலாம் 13, திங்கள்

விடியற்காலை மழை இல்லை. பனி. வாளையார்ப் பக்கத்து மலை தெரியவில்லை.

இதை மடி கழிந்த பிறகு எழுதுகிறேன்.

குளித்துவிட்டுப் பின்கட்டில் புடவை உலர்த்தினேன். கோலால் ஒன்பது கஜத்தைத் தூக்கி மடிக்கொடியில் போடுகிறேன். ரமணி கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டே, எனக்கா தனக்கா என்று தெரியாமல், சொல்லிக்கொண்டிருந்தான்: "தட்டையா இருக்கும். பட்டை மாதிரி. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கம்பி, நடுவுல வெறும் பிளாஸ்டிக். ஒரு மாதிரி பழுப்புக் கலர்…"

கோலை அப்படியே பிடித்தபடி நின்றேன்.

தட்டை. பட்டை. இரண்டு ஓரத்திலும் கம்பி. பழுப்பு. மெட்ராஸிலிருந்து டி.வி.யோடு வந்த சுருள். ஸ்டேஷனே இல்லாத ஊரில் ஏரியல் எதற்கு, ஏரியல் இல்லாமல் சுருள் எதற்கு என்று நானேதான் நாலு மடிப்பாக இழுத்துக் கட்டினேன். துருப்பிடிக்காது. கறை ஒட்டாது. நல்ல கொடி என்று ல. மாமியிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"ரமணி. மேல பாரு."

பார்த்தான். வாயில் நுரையோடு அப்படியே நின்றான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் காக்காய் எல்லாம் பறந்தது. சின்ன வயசில் சிரித்த அதே சிரிப்பு.

கையை நீட்டினான்.

"தொடாதே! நான் மடி!"

"வயரு வேணுமே அக்கா."

"நான் சமையலை முடிச்சு, நைவேத்யம் பண்ணி, இவா ஆபீஸ் போகட்டும். அதுவரைக்கும் நீ அங்கயே நில்லு."

அங்கேயே நின்றான். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, கொடியையே பார்த்துக்கொண்டு. இவர் குளிக்க வந்தவர் அவனைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் தம்பி ஏன் ஒம்பது கஜத்தைச் சேவிச்சுண்டு உக்காந்திருக்கான்?"

சொன்னேன். இவர் வாய் ஓரம் அசைந்தது. சத்தியம்.

பிற்பாடு அவிழ்த்தோம். மழை படும் பக்கம் வெயிலில் வெடித்திருக்கிறது, ஆகாது. கூரைக்கு உள்ளே இருந்த பாதி புதிது மாதிரி. துடைத்து ஐந்தடி வெட்டிக்கொண்டான். கொடிக்குக் கயிறு கட்டியாயிற்று. கயிறு தொய்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாட்டி முடித்தான். கறண்டு போய்விட்டது. வரவே இல்லை.

துலாம் 14, செவ்வாய்

வெயில், மூன்று மணி வரைக்கும். இப்போது மறுபடி மேற்கே கறுத்து வருகிறது.

நாலு மணிக்குக் கறண்டு நிலையாக நின்றது. ரமணி போட்டான்.

மணல் இல்லை. நிழல் இல்லை. சத்தம்கூட இல்லை. கறுப்பு. கர்ப்பகிரகம் மாதிரியான கறுப்பு. அதில் மேலே இடது பக்கம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம், மின்னி மின்னி அணைகிறது. யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வெள்ளிக்கிழமை மணலுக்குப் பின்னால் இருந்தது இதுதானா?

"அடி அக்கா, ஏதாவது."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் பெயரை ஒவ்வொரு விரலாக அடித்தேன். வந்தது. ஒற்றையாக, கூர்மையாக. கை கூப்பினேன். அவன் கேலி செய்யவில்லை.

ஐந்தரைக்குப் புழைக்கரைக் கோயிலுக்குக் கிளம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அணைக்க வேண்டாம். அத்திம்பேர் வந்தா தொட்டுப் பாக்கச் சொல்லு. எதை அடிச்சாலும் கெடாது. அவருக்குக் காட்டத்தான் இத்தனை தூரம் தூக்கிண்டு வந்தேன்."

இவர் ஆறுக்கு வந்தார். குடையை மூலையில் வைத்தார். காப்பி கொடுத்தேன். அவன் சொன்னதைச் சொன்னேன். "ஓஹோ" என்றார். காப்பி முடிந்தது. டம்ளரை வைக்கவில்லை. சாவி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரிசை நம்ம மெஷின் மாதிரியேதான் இருக்கு."

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். போகாமல் கதவண்டை நின்றேன்.

உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். பத்து விரலும் இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறு வருஷம். சாவியைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தார். வரி முடிந்ததும் இடது கை தானாக மேலே போய், அங்கே இல்லாத டைப்ரைட்டர் பிடியைத் தள்ளிற்று. ஒவ்வொரு வரிக்கும். கடைசி வரைக்கும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

எழுந்தார். வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனார்.

"ஏன்னா, என்ன அடிச்சேள்?"

"படிக்கத் தெரியுமே உனக்கு."

இப்போது ஆறரை. ரமணி இன்னும் வரவில்லை. மேற்கே மின்னல். விளக்கு ஒரு தடவை மங்கி எழுந்தது. கறண்டு போனால் எழுத்தும் போய்விடும் என்று ரமணி சொல்லியிருக்கிறான். அதனால் டி.வி.க்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, எனக்குத் தெரிந்த தமிழில் இந்த டைரியிலேயே இறக்கி வைக்கிறேன். எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து, ஆபீஸ் கடிதம் மாதிரி:

ஸ்ரீ ரமணி அவர்களுக்கு.

விஷயம்: தங்கள் தகப்பனாரின் சிரார்த்தம்.

மேற்படி சிரார்த்தம் அடுத்த வாரம் தேய்பிறைப் பஞ்சமியன்று இந்த வீட்டில் நடைபெறும். செய்ய வேண்டியவர் தாங்கள். டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா, முடியாதா என்று தெரிவிக்கவும். சாஸ்திரிகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பதில் சீக்கிரம் வேண்டும்.