முப்பத்தோராவது பக்கம்

பாடன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பானுஜன் அண்ணாவுக்கு,

ஜெனீவாவில் குளிர் எப்படி, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனமில்லை. உன்மேல் அவ்வளவு கோபம்.

கட்டடத்தின் அடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்து எழுதுகிறேன். பத்து மணிக்குப் பிறகு இங்கே மெஷின் போடக் கூடாது, அதனால் யாரும் வரமாட்டார்கள். ஆனால் விளக்குத் தானாக அணைந்து அணைந்து போகிறது. ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய்ச் சுவிட்சைத் தட்டுகிறேன். போனில் எழுதினால் வீட்டு ஐபாட்டில் அம்மா வாசிப்பா.

என் பள்ளி இறுதி ஆய்வு எதைப் பற்றியது என்று உனக்குத் தெரியும். அணுகுண்டு சுமக்கச் செய்த ரெட்ஸ்டோன் ஏவுகணையைத் தேர்ந்தெடுத்து, தங்கள் முதல் மனிதனை விண்வெளிக்கு ஏற்றிவிட அமெரிக்கர் அதை எப்படி மாற்றினார்கள் என்பது. எரிபொருள் தாங்கியை நீட்டினார்கள். கோளாறு வந்தால் தானே கண்டுபிடித்து, ஆள் இருக்கும் கூட்டை இழுத்துக்கொண்டு போகும் ஏற்பாடு வைத்தார்கள். குண்டுக்கு அது தேவைப்படவில்லை. ஓகஸ்டில் இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "அப்பாட்டைக் கேள், அவருக்கு உதெல்லாம் தண்ணிபட்ட பாடு" என்றாய். தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் நிற்கிறவர்தானே, இரும்பைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நானும் கேட்டேன்.

ஏன் புதிய ஏவுகணையை எடுக்கவில்லை என்றேன். அப்பா புட்டைக் குழைத்துக்கொண்டே, "ஆளை ஏத்திறதெண்டால் புதிசை எடுக்கேலாது பிள்ளை. எத்தினை தரம், எந்த இடத்திலை பிழை விட்டதெண்டு தெரிஞ்ச பழசைத்தான் எடுக்கோணும்" என்றார். நான் மூன்று வாரம் புத்தகங்களில் தேடியது அதுதான். பிறகு கை கழுவிவிட்டு வந்து, பற்றவைத்த ஒட்டு முதலில் எங்கே வெடிக்கும் என்று என் கொப்பியில் கீறிக் காட்டினார். கீறுகிற கவனத்தில், "எங்கடையிலை பத்துக்கு மூண்டு திரும்பி எங்கடை பக்கமே விழும்" என்றார். உடனே பென்சிலை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நான் ஒரு மடைச்சி. அதை அப்படியே தட்டி, 'நேர்காணல்: எஸ். மகேந்திரன், என் தந்தை' என்று போட்டு, முப்பத்தோராவது பக்கமாக ஆசிரியைக்கு அனுப்பினேன். வாயால் சொன்னதையும் ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்பது விதி. முழு ஆய்விலும் இதுதான் சிறந்த பக்கம் என்று அவர் பதில் போட்டார். அப்பா இதை எங்கே கற்றார் என்று ஒரு வரி சேர்க்கவும் சொன்னார். அந்த வரியைக் கேட்கத்தான் நேற்று அப்பாவிடம் போனேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னார், உனக்கு முன்பே சொன்னதையும் சேர்த்து.

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெரியப்பாவின் சைக்கிள் கடையில் தொழில் பழகினார் என்று எங்களுக்குச் சொன்னது பொய். பதினேழு வயதில், என்னுடைய வயதில், இயக்கம் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் ஆயுதப் பட்டறையில் நிறுத்தியது. இங்கே அகதி மனுவில் இயக்கத்தில் இருக்கவே இல்லை என்று எழுதினார். வியாழக்கிழமை எங்களுக்குப் பிரஜாவுரிமை நேர்காணல். அந்தப் பக்கம் வெளியே போனால் அது மட்டுமா போகும்? இருக்கிற விசாவும் போகலாம். நீ முன்பே தனியாக விண்ணப்பித்து, இந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய்விட்டாய். எனக்கு ஒரு சொல் சொன்னாயா? பகிடி விட்டாய்!

அம்மா கத்தினா. "பள்ளிக்கூடத்துப் புள்ளிக்குப் பெத்த கொப்பரை வித்துப் போட்டியேடி" என்றா. அப்பா கத்தவில்லை. "அழிச்சு விடு பிள்ளை. என்ரை பேர் இல்லாட்டியும் அவங்கடை ரொக்கெட் பறக்கும்தானே" என்றார். நீங்கள் செய்தவை எங்கே விழுந்தன என்று கேட்டேன். தெரியாது என்றார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. தெரியாமல் எப்படி இவ்வளவு காலம் வேலைக்குப் போய், வந்து, நித்திரை கொண்டார்? பிறகு பார்த்தால் அவர் அந்தப் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். சீவ ஒன்றும் மிச்சமில்லை.

லண்டன்மேல் விழுந்த ரொக்கெட்டுகளைச் செய்த ஜெர்மன் பொறியியலாளர்கள்தான் ரெட்ஸ்டோனையும் செய்தார்கள். முந்தியதைக் கட்டிய கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அமெரிக்கா அந்தப் பொறியியலாளர்களைத் தன் பிரஜைகளாக்கியது. இதெல்லாம் என் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஆசிரியை ஒரு 'சரி' போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

புதன் காலை இறுதிப் பிரதியைக் கொடுக்க வேண்டும். பக்கத்தை எடுத்துவிட்டேன். ஆனால் பழசைத்தான் எடுக்க வேண்டும் என்ற அவருடைய நியாயம் நாலாம் அத்தியாயம் முழுவதும் இருக்கிறது. அவர் பெயர் மட்டும் இல்லை. ஆசிரியை கேட்டால், அப்பா சும்மா ஊகித்துச் சொன்னார் என்பேன். பொய் சொன்னால் என் குரல் நடுங்கும். உனக்குத் தெரியும்.

நீ வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு, நேர்காணல் நடக்கும் நகரசபைக்கு வா. தொழில் எங்கே பழகினீர்கள் என்று அப்பாவைக் கேட்பார்கள். சைக்கிள் கடை என்று அவர் சொல்ல, பக்கத்தில் இருந்து நான் தலையாட்ட வேண்டும். உன்னை உள்ளே விடமாட்டார்கள். பரவாயில்லை, நாங்கள் வெளியே வரும்போது வாசலில் நில். பரீட்சை இருக்கிறது, ரயில் இல்லை என்று சொல்லாதே.

முப்பத்தோராவது பக்கத்தையும் அப்பா கீறிய கொப்பித் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் அம்மா எரித்துவிடுவா. என்னால் கிழிக்க முடியவில்லை. யாருக்கும் காட்டாதே. தொலைத்தும் விடாதே.

குளிருக்குள் தொப்பி போடாமல் திரியாதே அண்ணா.

ஆதாரம் எதையும் மறைக்கவில்லை என்று புதன்கிழமை ஆய்வின் கீழே கையெழுத்திடப் போகிற,
உன் தங்கை
ரிஷானி