வாஷ்பேசின் அருகே நான்கு விநாடி

மார்ச் 3

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மருத்துவமனைக்குப் புகார் எழுதப் போகிறேன். எண்பத்தோரு வயதுக்காரருக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வை மாற்றினார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது வால்வு, பக்கத்தில் இதயத் துடிப்பைக் கடத்தும் மின்பாதையை அழுத்தக்கூடுமாம். சில நாள் கழித்தும் துடிப்பு தடுமாறலாமாம். அதற்காக அப்பாவின் நெஞ்சில் ஒரு பதிவுக் கருவியை ஒட்டி, கையில் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். தலை சுற்றினால் நேரத்தைக் குறித்து உடனே போன் செய்ய வேண்டும். கருவியில் பதிவானதைப் பதினான்கு நாள் கழித்துத்தான் பார்ப்பார்களாம்.

நாற்பது வருடம் மோட்டார் பட்டறை நடத்தியவர் அப்பா. நர்ஸிடம், "வால்வ மாத்தப் போயி வயரிங்ல கை வச்சிட்டீங்களாம்மா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். என்னிடம் ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கிறாரா?

மார்ச் 5

அவருக்குக் கை நடுங்குகிறது. நோட்டை நான்தான் எழுதுகிறேன். "ஒண்ணுமில்ல" என்றார். எழுதினேன்.

மார்ச் 6

ஒன்றுமில்லை. தங்கை போனில்: "அண்ணா, அப்பாகிட்ட எரிஞ்சு விழாத." வெளியூரில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுவது சுலபம். அவள்தானே செல்லம்! நான் முனைவர் பட்டம் வாங்கி வந்த அன்று எனக்குக் கிடைத்தது, "ஒரு டயர் கழட்டத் தெரியுமாடா?"

மார்ச் 9

காலையில் அப்பா வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"தலை சுத்துதாப்பா?"

"கால் வழுக்கிச்சு. பெரிய வைத்தியன்! போ, காலேஜுக்குப் போயி பாடம் நடத்து."

தரை காய்ந்துதான் இருந்தது. சரி, அவர் சொன்னபடியே இருக்கட்டும். மாலையில் நோட்டில் எழுதினேன் — ஒன்றுமில்லை. பேனாவை அழுத்தி எழுதினேன்.

மார்ச் 11

விழுந்துவிட்டார். காலை பதினோரு மணி, சமையலறை வாசலில். புருவத்தில் நாலு தையல். மறுபடியும் வார்டு. திரையில் துடிப்பு நாற்பதைத் தாண்டவில்லை.

புகார் மூன்று பக்கம் வந்துவிட்டது. பட்டங்களோடு பெயர் போடுவதுதான் பாக்கி.

மார்ச் 12

இதய டாக்டர் பதிவைக் காட்டினார். ஒன்பதாம் தேதி காலை 7.12. நான்கு விநாடி கோடு நேராகக் கிடக்கிறது. நான்கு விநாடி துடிக்கவில்லை.

"அன்னிக்கு ஏதாவது இருந்துச்சா சார்? நோட்ல ஒண்ணுமில்லன்னு இருக்கு. போன் வந்திருந்தா அன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லியிருப்போம்."

குத்திக் காட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

பாத்தேனே. கண்ணால பாத்தேனே! வீம்புக்குத்தானே எழுதினேன்? பெத்தவர் உயிர்லயா வீம்பு?

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பார்த்தேன், எழுதவில்லை என்று.

மார்ச் 13

பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. அப்பாவிடமும் சொன்னேன். புருவத் தையலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மறைச்சது நான்தானே. இந்த வாட்டி நெஞ்சப் பொளந்துருவாங்கன்னு பயம்டா."

பயம் என்று அவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன். பிறகு, "பேட்டரி எத்தன வருஷம் வரும்?"

"பத்து வருஷம் வருமாம்பா."

"அதுவரைக்கும் உன் மூஞ்சியப் பாக்கணுமா?"

இரண்டு பேருமே சிரித்தோம். அவருக்குத் தையல் வலித்தது.

மார்ச் 17

மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். புதுக் கடிதம் ஐந்தே வரி. நோயாளி சொல்வதற்குக் கட்டம் இருப்பதுபோல, கூட இருப்பவர் கண்ணால் கண்டதற்கும் நோட்டில் ஒரு கட்டம் வேண்டும். பயத்தில் அவர்கள் மறைப்பார்கள், கோபத்தில் நாம் விட்டுவிடுவோம். ஒரு வீட்டில் அப்படி நடந்தது.

அப்பாவை மெல்ல நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தபால் பெட்டிவரை வருகிறாராம். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "யாருக்குடா?"

"உங்க வயரிங்காரங்களுக்குத்தான்."

"கீழ உன் பட்டமெல்லாம் போட்டியா?"

"இல்லப்பா. பேரே போடல. அப்படியே தபால்ல சேத்துரப் போறேன்."

"அப்ப படிப்பாங்க" என்றார்.